சோழன் வீட்டுக் கல்யாணமும் இருபத்து மூன்றாம் விதியும்

விராலிமலை,
குளத்தூர் தாலுகா, திருச்சி ஜில்லா.
21-8-1958, வியாழன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து வெளிவரும் மாணவர் மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு,

காலஞ்சென்ற சர்வேயர் அருளப்பன் அவர்களின் மனைவி இன்னாசியம்மாள் மரியாதையுடன் எழுதுவது. தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்துக் கோர்ப்பவர்களைத் தனியாக விசாரிக்கக் காரணம் உண்டு. சென்ற இதழில் பதினொரு பிழைகள் இருந்தன. அவர்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

முதலில் ஒரு திருத்தம். நான் இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டதாக இந்த ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பஸ் நிற்கும் இடத்தில் பேசுகிறார்கள், ஜவுளிக்கடையில் பேசுகிறார்கள், மலைக்கோவில் படியில் மூச்சு வாங்க நிற்கும்போதும் இதைத்தான் பேசுகிறார்கள். தாங்களும் தங்கள் கார்டில், "தங்கள் விளையாட்டினால் அங்கே மனத்தாங்கல் ஏற்பட்டதாக அறிந்து வருந்துகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்லி அறிந்தீர்களோ தெரியாது. சொன்னது தவறு. நான் செய்தது போர் விளையாட்டு. மூன்று அரசுகள், நூற்றெண்பது வீரர்கள், இருபத்து நான்கு யானைகள், இத்தனையையும் பலகைமேல் எதிரெதிரே நிறுத்திவிட்டுப் பதினொரு சனிக்கிழமை காத்திருந்தேன். ஒரு சண்டை கூட நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் வந்திராது. ஆகவே சண்டை மூட்டியவள் என்ற பெயர் எனக்குப் பொருந்தாது. மூட்ட முடியாதவள் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

தாங்கள் சித்திரை இதழில் போட்டி அறிவித்தீர்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆடத்தக்க சரித்திர விளையாட்டு ஒன்றை அமைத்து அனுப்ப வேண்டும், சிறந்ததை அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்புவோம் என்றீர்கள். நிபந்தனை மூன்று. சரித்திரம் சரியாக இருக்க வேண்டும். இருவர் முதல் நால்வர் வரை ஆட வேண்டும். ஒரு தடவையாவது ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி, இன்னார் ஜெயித்தார் என்று ஆடியவர்கள் கையெழுத்திட்ட சான்று ஆகஸ்டு முப்பத்தொன்றுக்குள் வந்து சேர வேண்டும். இதைப் படித்த அன்று எனக்கு அறுபத்தாறு வயது என்பதே மறந்துபோயிற்று. காரணம் சொல்கிறேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நான் ஆறாம் பாரம் வரை படித்தவள். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளின் பெயரையும் இன்றும் வரிசை தவறாமல் சொல்வேன். (ஆறு பேருக்கும் தலை போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். இருவருக்குத்தான் போயிற்று.) ஆனால் என் வீட்டிலிருந்து நாலு மைல் தள்ளி, கொடும்பாளூரில் ஒரு அரச வம்சம் இருந்தது, சோழனுக்கும் பாண்டியனுக்கும் நடுவழியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் யோசிக்க வைத்தது என்று எந்தக் கன்னியாஸ்திரீயும் எனக்குச் சொல்லவில்லை. அங்கே உள்ள கோவில்களை என் வீட்டுக்காரர் அளக்கப் போனபோது உடன் போய்த்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு நாற்பது வயது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது பத்து வயதிலேயே தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மூன்றாம் நிபந்தனை இல்லாவிட்டால் என்றோ முடிந்திருக்கும்.

விதிகளோடு நான் முன்பே படம் வரைந்து அனுப்பிய பலகையைப் பற்றித் தாங்கள் குறை சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. என் வீட்டுக்காரரின் தாலுகா வரைபடங்களைக் காடாத் துணியில் ஒட்டி, அதன்மேல் வழிகளைச் சிவப்பு மையால் வரைந்தேன். தெற்கே பாண்டிய நாடு, வடக்கே சோழ நாடு, நடுவே வெள்ளாறு எல்லை. வடக்கே போகிற பெருவழி கொடும்பாளூரைத் தொடாமல் போகாது. கிழக்கே மணமேல்குடியில் கடல், குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதற்கு. வீரர்களுக்குப் புளியங்கொட்டை, மாடுகளுக்கு மொச்சை, யானைகளுக்குக் கொட்டைப்பாக்கு. கொட்டைப்பாக்கு வைத்தது நான் செய்த பிழை. அதை மறைக்கவில்லை. ஐந்தாம் சனிக்கிழமை எண்ணிப் பார்க்கும்போது சோழர் பக்கம் எட்டு யானையில் மூன்றுதான் இருந்தன. போரே நடக்காத நாட்டில் ஐந்து யானை எங்கே போயிற்று என்று விசாரித்தேன். சோழ அரசர் மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, என் கண்ணெதிரே ஆறாவது யானையை நாலாக வெட்டி, "யோசிக்கிறப்ப வாய் சும்மா இருக்க மாட்டேங்குதுங்க" என்றார். அன்றிலிருந்து யானைகளுக்குக் கழற்சிக்காய். அது கசக்கும்.

சோழ அரசர் என்றது செங்கமலத்தை. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடும் காப்பி கிளப் ரத்தினவேலின் மனைவி. பாண்டியர், ஜவுளிக்கடை ஷேக் பரீது அவர்களின் மனைவி சாரா உம்மாள். கட்டுமாவடியில் பிறந்தவர், கடல், கப்பல், குதிரை பற்றி அவரிடம் நானே சில திருத்தங்கள் பெற்றேன். நடுவே கொடும்பாளூர் வேளிராக உட்கார்ந்தவள் சந்தனம். பஸ் டிக்கெட் புக்கிங் பார்க்கும் சோலையப்பனின் மனைவி. மூவரும் நல்லவர்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள், பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு உள்ளவர்கள். நாலாவது ஆளுக்கு வடகோடியில் பல்லவன் இடம், யாரும் உட்காராமல் காலியாகக் கிடந்தது. நான் நடுவர். எந்தப் பக்கமும் சாய மாட்டேன் என்று முதல் நாளே எழுதி ஒட்டினேன்.

முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் போர் என்றால் முதலில் எதிரியின் மாட்டைக் கவர்வது வழக்கம். ஆகவே பாண்டியர் வெள்ளாற்றைத் தாண்டிச் சோழரின் பன்னிரண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று விதி. சாரா உம்மாள் விதிப்படி ஓட்டினார். செங்கமலம் பலகைமேல் குனிந்து, "இதுல கறவை எத்தனைங்க?" என்று கேட்டார். எல்லாம் மாடுதான் என்றேன். "அது எப்படிங்க, கன்னுக்குட்டி இங்கிட்டு, தாய் அங்கிட்டா? சாயங்காலம் கத்துமே!" என்றார். சாரா உம்மாள் முகம் வாடிவிட்டது. "எனக்குத் தெரியாமப் போச்சு செங்கமலம். கறவை மாட்டை ஓட்டிட்டு வந்தா வீடு விளங்குமா? இந்தா பிடி" என்று பன்னிரண்டையும் திருப்பிக் கொடுத்து, மனசு கேட்காமல் தன் மாட்டில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இப்படியாகப் பாண்டியரின் முதல் படையெடுப்பில் சோழ நாட்டுக்கு இரண்டு மாடு லாபம்.

இனி, தாங்கள் நீக்கச் சொல்லும் இருபத்து மூன்றாம் விதிக்கு வருகிறேன். அது மூன்றே வரி. "இரு அரசுகள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து உறவு கொள்ளலாம். உறவு கொண்டபின் ஆறு சுற்று வரை ஒருவர்மேல் ஒருவர் படையெடுக்கக் கூடாது. பிறகு எடுக்கலாம்." சோழரும் கொடும்பாளூராரும் பெண் கொடுத்து எடுத்தவர்கள் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டு விளையாட்டுச் செய்தால் அது சரித்திரம் ஆகாது. மூன்றாம் சனிக்கிழமை இந்த விதிப்படி வேளிர் தன் தங்கையைச் சோழருக்குக் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் முடிந்தது. சந்தனம் ஒரு பாசிமணியை நகர்த்தினாள், செங்கமலம் வாங்கிக்கொண்டார், எனக்கு ரொம்ப சந்தோஷம். எவ்வளவு சுலபமான விதி என்று நினைத்தேன். ஒரு சுற்று ஒரு வருடம், ஒரு சனிக்கிழமைக்குப் பத்துச் சுற்று என்பதால் ஐந்தாம் சனிக்கிழமை அந்தச் சோழனுக்கு இருபது வயதில் ஒரு மகன் இருந்தான். என் வீட்டுக்காரரின் குளிர்காலக் கோட்டிலிருந்து எடுத்த கறுப்புப் பொத்தான்.

சோழரும் வேளிரும் உறவாகிவிட்டதால் அன்று பாண்டியர் நெருக்கடியில் இருந்தார். தப்பிக்க வழி பார்த்து, விதி இருபத்து மூன்றை எடுத்து, "என் மகளை ஒன் மகனுக்குக் குடுக்கறேன் செங்கமலம்" என்று ஒரு வெள்ளை முத்துப் பொத்தானை முன்னால் வைத்தார். செங்கமலம் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு சின்னதா இருக்கே அக்கா."

"சின்னதா இருந்தாத்தான் சொன்னபடி கேக்கும்."

"ரெண்டே ஓட்டை."

"ஒன் மகனுக்கு நாலு ஓட்டை. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

செங்கமலத்துக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. சரி என்றார். நான் பேனாவை எடுத்துக் குறிக்கப் போனேன். அப்போதுதான் சாரா உம்மாள் கையை நீட்டிப் பொத்தானைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நானா மகளைத் தள்ளிக் குடுக்கறது மரியாதையா இருக்காதுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டெடுத்துப் பொண்ணு கேட்டு வரணும்." பலகைமேலேயே கேட்கலாமே என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி யார் பெண் கேட்பார்கள் என்பது அந்தப் பார்வை. அது நியாயமான கேள்வி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை செங்கமலம் பட்டுடுத்திக்கொண்டு மூன்று தட்டு எடுத்தார். ஒன்றில் வெற்றிலை பாக்கு, ஒன்றில் பழம், ஒன்றில் சர்க்கரை, பூ. தட்டு ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், ஒருத்தியாய்ப் போகக் கூடாது என்பதற்காகப் பக்கத்து வீட்டு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கடைத்தெரு நெடுக நடந்து, ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருக்கும் சாரா உம்மாள் வீட்டுக்குப் போனார். அங்கே பாய் விரித்து, சர்பத் கொடுத்து, சாயங்காலம் வரைக்கும் பேசி, பரிசம் போட்டு முடித்துவிட்டார்கள். ஊர் பூராவும் வாசலுக்கு வந்து, யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டது. சோழன் வீட்டுக் கல்யாணம் என்று சொன்னால் யாருக்குப் புரியும்? அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

தட்டு ஊர்வலம் போன வழியில் சந்தனத்தின் வீடு இருக்கிறது. அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறாம் சனிக்கிழமை சந்தனம் வந்தாள். உட்கார்ந்தாள். பலகையில் கொடும்பாளூர் இருக்கும் இடத்தில், பெருவழியின் குறுக்கே, தன் அறுபது புளியங்கொட்டையையும் வேலி போட்ட மாதிரி வரிசையாக அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்குச் சொல்லாமப் பரிசம் போட்டுட்டு வந்திருக்காங்க."

செங்கமலம் வாயில் இருந்ததை விழுங்கினார். அது பழைய யானையா என்று நான் கேட்கவில்லை. "மறந்துபோச்சு சந்தனம். இது வெளையாட்டுத்தானே" என்றார்.

"வெளையாட்டுன்னா பட்டுச் சேலை எதுக்கு? என் தங்கச்சியக் கட்டிக்கிட்டுப் போனப்ப வெளையாட்டா? அவ பெத்த புள்ளைக்கு என் பொண்ணு முறைப்பொண்ணு இருக்கா. அவளை விட்டுட்டு எங்கிட்டோ தெக்கே போய்ப் பொண்ணெடுப்பீங்க, நான் வழிவிட்டு நிக்கணுமா? விட மாட்டேன். பாண்டியன் மக எப்படி வடக்கே போறான்னு பாக்கறேன்!"

"ஒனக்குப் பொண்ணு இருக்குன்னு எப்ப சொன்னே?"

"சொல்லணுமா? முறை இருக்குல்ல!" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிவப்புக் கண்ணாடி மணியை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

ஆசிரியர் அவர்களே, விதிப் புத்தகம் முழுவதையும் புரட்டினேன். தாய்மாமன் உரிமையைப் பற்றி ஒரு வரி இல்லை. அது என் குறை. ஆனால் அவள் செய்தது ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டது. வழியை அடைக்கலாம் என்பது ஏழாம் விதி. கொடும்பாளூர் அனுமதியில்லாமல் யாரும் வடக்கே போக முடியாது என்பதைக் காட்டத்தானே நான் இந்த விளையாட்டையே செய்தேன்? அந்த நிமிடத்தில் எனக்கு ஆத்திரத்தைவிட ஆனந்தம்தான் அதிகம். இதோ போருக்குக் காரணம் வந்துவிட்டது! மணப்பெண் வெள்ளாற்றங்கரையில் நிற்கிறாள், வழி அடைபட்டிருக்கிறது, இரு பக்கமும் சேர்த்து நூற்றிருபது வீரர்கள். செங்கமலம், படையைக் கிளப்புங்கள் என்றேன். என் குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

"மச்சான் மேலயா?" என்றார் செங்கமலம். "கட்டினவ மூஞ்சில நாளைக்கு எப்படிங்க முழிக்கிறது?"

சாரா உம்மாளைப் பார்த்தேன். "கல்யாண வீட்டுல ரத்தம் சிந்தலாமாங்க? நாங்க இங்கனயே நிக்கறோம். அவங்க மனசு எறங்கட்டும்" என்றார்.

அதிலிருந்து அந்தப் பெண் ஆற்றங்கரையில் நிற்கிறாள். ஆறு சனிக்கிழமை ஆகிவிட்டது. கணக்குப்படி அவளுக்கு இப்போது எண்பது வயது இருக்க வேண்டும். மூவரும் சேர்ந்து அவளுக்கு மட்டும் வருடம் ஓடக் கூடாது என்று தீர்மானித்துவிட்டார்கள், நடுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குள் பலகையில் இருந்தது ஊருக்குள் இறங்கிவிட்டது. குழாயடியில் சந்தனம் செங்கமலத்தோடு பேசுவதில்லை. இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையைத் திருப்பி அனுப்பினாள், அதுவும் காலியாக. உள்ளே ஒரு பிடி அரிசியோ இரண்டு பழமோ போடாமல் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பினால் இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று தங்களுக்குத் தெரியும். ஊரார் சண்டை என்று சொல்வது இந்தக் கொப்பரையைத்தான். என் பலகையில் கொப்பரை கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை ரத்தினவேலும் சோலையப்பனும் சேர்ந்து என் வீட்டுக்கு வந்தார்கள். சேர்ந்து வந்தது தெரியக் கூடாது என்று ஒருவர் முன்வாசல் வழியாகவும் ஒருவர் கொல்லைப்புறமாகவும் வந்து கூடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். விளையாட்டை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பதிலை மனசுக்குள் தயார் செய்துகொண்டேன்.

"சர்வேயரம்மா," என்றார் ரத்தினவேல், "நீங்க எப்படியாச்சும் அவங்களைச் சண்டை போட வச்சிருங்க."

"பதினொரு வாரமாக அதற்குத்தான் முயற்சி செய்கிறேன்" என்றேன்.

"அங்க போட்டுக்கிட்டா வீட்டுல நிம்மதியா சோறு திங்கலாம்ல. என்னைப் பாத்து, நீ எந்தக் கட்சின்னு கேக்கறா. எனக்கு நாடு எங்க இருக்குன்னே தெரியாது."

சோலையப்பன் நிலைமை இன்னும் மோசம். "நான் வாய்க்கு ருசியா டீ குடிச்சு மூணு வாரம் ஆச்சுங்கம்மா. இவரு கிளப்பு வாசல்ல நின்னேன்னு யாரோ சொல்லிட்டாங்க. சோழன் வீட்டு டீ கேக்குதோன்னு ஒரு கத்து கத்தினா பாருங்க, பஸ்ஸுக்கு நின்ன ஜனமெல்லாம் திரும்பிப் பாத்துச்சு."

அவர்கள் முகத்தைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் காலத்து அரசர்களுக்கு இரண்டு ராணி இருப்பது சர்வ சாதாரணம். முத்துப் பொத்தான், கண்ணாடி மணி இரண்டையுமே இளவரசனுக்குக் கட்டிவைத்துவிட்டால் வழி திறக்கும், ஆட்டம் நகரும் என்று மூன்று வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். செங்கமலம் யோசிக்கிறேன் என்றார். சந்தனம், "மூத்த தாரம் யாரு?" என்றாள். சாரா உம்மாள், "என் மகளுக்குச் சக்களத்தியா? ஓங்க வாயால இதைக் கேக்க வேண்டியிருக்கே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகு எனக்கே உறுத்தியது. நான் கத்தோலிக்கப் பெண். நேரே கோவிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, சாமி, ஒருவனுக்கு இரண்டு பெண்ணைக் கட்டிவைக்கத் தரகு பேசினேன் என்றேன். யாருக்கு என்றார். சோழ இளவரசனுக்கு என்றேன். அவர், "அவன் ஞானஸ்நானம் பெற்றவனா?" என்று கேட்டார். இல்லை சாமி, ஒன்பதாம் நூற்றாண்டு என்றேன். "அப்படியானால் அவன் என் பங்கில் சேரவில்லை" என்று சொல்லி, மூன்று பிரியதத்த மந்திரம் மட்டும் ஜெபிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த நிலையில்தான் நேற்றுத் தங்கள் கார்டு வந்தது. "தங்கள் விளையாட்டு சிறப்பானது. ஆனால் போர் விளையாட்டில் கல்யாணம் எதற்கு? இருபத்து மூன்றாம் விதியை நீக்கிவிட்டு, முடித்து ஆடிய சான்றுடன் அனுப்பினால் அச்சுக்கு எடுத்துக்கொள்ளத் தடையில்லை." இப்படி எழுதியிருக்கிறீர்கள். ஐயா, எனக்கு வேண்டியதைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு விலை சொல்கிறீர்கள். அந்த விலையை நான் கொடுக்க மாட்டேன். இருபத்து மூன்றாம் விதி என் விளையாட்டிலேயே மிகச் சரியான விதி. பதினொரு வாரமாக அது சரி என்று மூன்று பெண்கள் நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தியால் மட்டும் நடந்த ராஜ்ஜியம் எங்கே இருக்கிறது? யார் வீட்டில் யார் பெண்ணெடுத்தார், யாரை அழைக்க மறந்தார், எந்த வழி அடைபட்டது, இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் புளியங்கொட்டையைப் புளியங்கொட்டை அடிப்பதைக் காட்டினால் பிள்ளைகள் என்னத்தைக் கத்துக்கும்? எங்க பள்ளிக்கூடத்துல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, வருஷத்தையும் பேரையும் ஒப்பிச்சிட்டுப் போகும். அதுக்கா நான் காடாத் துணி வாங்கினேன்? கேட்டீங்களா? மன்னிக்கவும். எழுத்து நடை கொஞ்சம் நழுவிவிட்டது. கருத்து நழுவவில்லை.

ஆகவே நான் கேட்பது இது. விதி இருக்க வேண்டும். மூன்றாம் நிபந்தனையைத் தாங்கள் தளர்த்த வேண்டும். "ஆட்டம் நேர்மையாக ஆடப்பட்டது, முடியவில்லை" என்று மூவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன், ஒரே தாளில் போட மாட்டார்கள். ஜெயித்ததாக ஒரு பொய்ச் சான்று எழுதித் தர ரத்தினவேல் தயாராக இருக்கிறார். அதை நான் தொட மாட்டேன். நான் எந்தக் காலத்திலும் சொல்லை மாற்றியவள் அல்ல. இருபத்து மூன்றாம் விதியைப் பொறுத்தவரை இதுவே என் முடிவான வார்த்தை.

தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் பெருகவும், தங்கள் பிள்ளைகள் பரீட்சையில் தேறவும், தங்கள் துணைவியாருக்கு என் அன்பைத் தெரிவிக்கவும் வேண்டி, சர்வேசுரன் தங்களைக் காக்க மன்றாடும்,

இன்னாசியம்மாள் அருளப்பன்.

பின்குறிப்பு:
23-8-1958, சனி மாலை.

உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்க வேண்டியதாயிற்று. தபால்காரர் மலையாண்டி நல்ல மனிதர், ஆனால் கார்டு என்றால் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சோழன் வீட்டுக் கல்யாணத்தை ரத்துச் செய்யச் சொல்லித் திருச்சியிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது என்று மூன்று வீட்டிலும் சொல்லியிருக்கிறார். இன்று இரண்டு மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். முன்னால் வந்தவள் சந்தனம். "பரிசம் போட்ட பொண்ணை வீட்டுக்கு அனுப்பறதா? எவன் சொன்னது? எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். அந்தப் பொண்ணு பேரைக் கெடுக்க நான் விட மாட்டேன்" என்று சொல்லி, வழியில் இருந்த அறுபது கொட்டையையும் ஒரே கையால் ஒதுக்கிவிட்டாள். சாரா உம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். செங்கமலம் அழுதார். நான் விதியை நீக்கவில்லை, அதற்காகத்தான் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்பாரில்லை. "நாலாவது சீட்டு பல்லவனோடது, சும்மாத்தானே கெடக்கு? நீங்க ஒக்காருங்க சர்வேயரம்மா" என்றார் செங்கமலம். உட்கார்ந்தேன். மணப்பெண்ணை அழைத்துக்கொண்டு மூன்று படையும் சேர்ந்து வடக்கே வந்தது. ஒன்பது நிமிடம். எனக்கு ஒரு யானை கூட மிஞ்சவில்லை.

மூவரும் ஒரே தாளில் கையெழுத்திட்ட சான்று இத்துடன் உள்ளது. ஆட்டம் முடிந்தது, சோழ, பாண்டிய, வேளிர் சம்பந்திகள் ஜெயித்தார்கள், பல்லவன் தோற்றான் என்று இருக்கிறது. உண்மைதான். கீழே தோற்றவர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள், போட்டிருக்கிறேன். நிபந்தனை மூன்று நிறைவேறிவிட்டது.

மேலே இருபத்து மூன்றாம் விதியைப் பற்றி நான் எழுதியவற்றைத் தாங்கள் படிக்காததாகக் கொள்ளவும். அந்த விதியை உடனே நீக்கிவிடவும். மூன்று அரசர்கள் உறவாகிவிட்டால் நாலாவது ஆளுக்கு நியாயம் என்பதே கிடையாது. சரித்திரத்திலும் பல்லவன் தோற்றான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது நிமிடத்தில் தோற்கவில்லை.

விதியை நீக்கினால் இந்தச் சான்று செல்லாது, சான்றை ஏற்றால் விதி இருந்தாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரண்டில் எது என்று தாங்களே தீர்மானித்து, முப்பத்தொன்றாம் தேதிக்குள் எனக்கு எழுத்து மூலம் பதில் அனுப்பவும்.

இ. அ.